நிட்ஷியா என்று ஒட்டியிருந்த குடுவை

சிலாபம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றிலிருந்து கொழும்பில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு வளர்ப்புக் குடுவை வந்தது. தீனிக்காகப் பல கைகள் மாறி வளர்ந்து வந்த கடல் நுண்பாசி. ஒட்டியிருந்த நாடாவில் ‘நிட்ஷியா’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த இனம், எந்தக் கடலில் எடுத்தது, யார் பிரித்தது என்று ஒரு விபரமும் இல்லை. பொரிப்பகத்தாரின் முறைப்பாடு இதுதான்: தண்ணீரில் சீராகக் கலந்து நிற்க வேண்டிய பாசி சில தொட்டிகளில் அடியில் படிந்து, சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. குஞ்சுகளுக்குப் போய்ச்சேரும் தீனி ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. வேறு பாசி ஏதும் கலந்துவிட்டதா? கலந்திருந்தால் இதை ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. விடையைத் தேடிப் போன வழியில் பெரும்பகுதிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு கடல் நீர் பார்க்கும் மாணவர்களும் இதைச் செய்யலாம்.

முதல் துளியை 400 மடங்கில் வைத்துப் பார்த்தபோது மூன்று விதமான கலங்கள் தெரிந்தன. பெரும்பாலானவை கதிர்போல இரு முனையும் ஒடுங்கியவை, சுமார் 25 முதல் 30 மைக்குரோமீற்றர் நீளம். இடையிடையே மூன்று கை விரித்தவை. கண்ணாடித் தட்டின் அடியோடு ஒட்டியபடி 8 மைக்குரோமீற்றர் அளவில் முட்டை வடிவச் சிறு கலங்கள். அவற்றில் சில மெல்ல வழுக்கி நகர்ந்தன. மூன்றும் ஒரே பொன்பழுப்பு நிறம்.

“அக்கா, இதுக்குள்ள மூண்டு விதம் கலந்து கிடக்கு. அவையள் சொன்னது சரிதான்” என்றாள் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் இறுதியாண்டு மாணவி. பல வருடமாக வளர்ப்பு அறையைக் கவனித்துவரும் தொழில்நுட்ப அலுவலர் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கலந்தது எண்டு எழுத முந்தி, ஒண்டைத் தனியாப் பிரிச்சு வளர்த்துப் பாருங்கோ தங்கச்சி.”

மாணவி சொன்னதை யாரும் குறை சொல்ல முடியாது. நிட்ஷியா அடங்கும் டயட்டம் என்ற நுண்பாசிப் பிரிவு முழுவதுமே ஓட்டின் வடிவத்தை வைத்துத்தான் வகைப்படுத்தப்பட்டு வந்தது. சிலிக்காவாலான ஓடு, அதில் ஒழுங்காக அமைந்த கோடுகள், துளைகள், நடுவில் ஓடும் பிளவு, எல்லாம் அளந்து எண்ணக்கூடியவை. கலம் இறந்த பிறகும் ஓடு நிற்கும். ஆகவே பெயர் வைப்பவர்கள் ஓட்டை நம்பினார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் அந்த ஓடே நிலையாக நிற்பதில்லை. டயட்டத்தின் ஓடு பெட்டியும் மூடியும் போல இரண்டு பாதிகளைக் கொண்டது. கலம் பிரியும்போது ஒவ்வொரு மகள் கலமும் ஒரு பழைய பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி புதிய பாதியைக் கட்டுகிறது. சிறிய பாதியை எடுத்த கலம் தாயைவிடச் சற்றுச் சிறிதாகிவிடும். 1869இல் மக்டோனல்டும் பிட்சரும் தனித்தனியே கண்டுசொன்ன விதி இது. இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகச் சராசரி அளவு சுருங்கிக்கொண்டு போகும். இனப்பெருக்கத்தின்போது ஓடில்லாத ஒரு பருத்த கலம் உருவாகி, மறுபடி முழு அளவைப் பெறும்வரை இந்தச் சுருக்கம் தொடரும். நீளமான வகைகளில் நீளம்தான் வேகமாகக் குறையும். அகலம் பெரிதாக மாறாது. அப்படியென்றால் இளம் வயதில் ஊசிபோல இருந்த இனம், வரிசையின் கடைசியில் குட்டையாக, பருத்து நிற்கும். இந்த இரண்டு முனைகளையும் மட்டும் பார்த்தவர் இரண்டு பெயர் வைப்பதில் வியப்பில்லை. பழைய பட்டியல்களில் அப்படி வந்த இரட்டைப் பெயர்கள் நிறைய.

எங்கள் குடுவையில் இருந்த மாற்றம் இந்த விதிக்குள் அடங்கவில்லை. சுருங்கிக்கொண்டு போகும் வரிசை என்றால் இடைப்பட்ட எல்லா அளவும் கிடைக்க வேண்டும். இங்கே கதிருக்கும் மூன்று கைக்கும் நடுவில் படிப்படியான தொடர் எதுவும் தெரியவில்லை. ஆகவே எதிரே இருந்தவை இரண்டு ஊகங்கள்தான்: ஒன்று, மூன்று இனங்கள் கலந்த குடுவை, மற்றது, ஒரே இனம் மூன்று உருவில் நிற்பது. இரண்டாவதை ஊகமாக வைப்பதற்கே பேயோடக்டைலம் டிரைகோர்னியூட்டம் என்ற டயட்டத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

1897இல் சுவீடனைச் சேர்ந்த க்னூட் பொலின் இந்த இனத்தை விவரித்தார். அவர் பெயரிட்டது மூன்று கை உருவத்தைப் பார்த்து. 1910இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக் கூடத்தில் அலனும் நெல்சனும் கடல் நுண்பாசிகளைச் செயற்கையாக வளர்க்கும் முறைகளை வெளியிட்டபோது, அவர்கள் பிரித்தெடுத்த கதிர் வடிவ டயட்டத்துக்கு நிட்ஷியா குளொஸ்டீரியத்தின் மிகச் சிறிய வடிவம் என்று பெயர் கொடுத்தார்கள். அந்த வளர்ப்பு நன்றாக வளர்ந்தது; உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களுக்கும் தீனித் தொட்டிகளுக்கும் போனது, பெயரும் கூடவே போனது. 1946இல் அதே பிளிமத்தில் வில்சன் அந்த வளர்ப்புக்குள்ளேயே மூன்று கைக் கலங்கள் வருவதை எழுதினார். 1954இல் ஹெண்டி அந்த பிளிமத் வளர்ப்பு உண்மையில் பொலினின் பேயோடக்டைலம்தான் என்று காட்டினார். 1958இல் ஜோய்ஸ் லூயினும் உடனாய்வாளர்களும் முட்டை வடிவக் கலத்தையும் சேர்த்து ஆராய்ந்து, அதற்கு மட்டும் ஒரு பக்கத்தில் சிலிக்கா ஓடு இருப்பதைத் தெளிவாக்கினார்கள். கதிரும் மூன்று கையும் முழு ஓடு கட்டுவதில்லை. அவற்றின் சுவர் பெரும்பாலும் சேதனப் பொருள். கெட்டியான ஓடு இல்லாததால் பெட்டி, மூடிச் சுருக்கமும் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

எங்கள் நாடாவில் இருந்த ‘நிட்ஷியா’வுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு இருக்க முடியாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதை அறிக்கையில் எழுத முடியாது அல்லவா. சோதனை வேண்டும்.

முதலில் எளிய வேலை. உண்மையான நிட்ஷியா குளொஸ்டீரியம் (1964 முதல் அது சிலிண்ட்ரோதீக்கா என்ற பேரினத்தில் இருக்கிறது) நீண்ட நூல்போன்ற அலகுகளை, அதாவது ஒடுங்கி நீண்ட முனைகளை, கொண்டது, கலத்துக்குள் பொதுவாக இரண்டு பச்சையவுருமணிகள். பேயோடக்டைலத்தில் ஒன்று. எண்ணெயில் அமிழ்த்தும் 100 மடங்கு வில்லையில் எங்கள் கதிர்க் கலங்களைப் பார்த்தோம்: ஒன்று. மூன்று கையிலும் ஒன்று, நடுவில் மடிந்து கிடந்தது. முட்டையிலும் ஒன்று. இந்த ஒரு பார்வையே சிலிண்ட்ரோதீக்காவைப் பெரும்பாலும் தள்ளிவிட்டது.

அடுத்து, வளர்ப்பில் கொஞ்சத்தைச் செறிந்த ஐதரசன் பேரொட்சைட்டில் சூடாக்கி, சேதனப் பொருள் எல்லாம் எரிந்த பிறகு பல தடவை வடித்த நீரில் கழுவினோம். ஒப்பிட்டுப் பார்க்கத் துறைமுகப் பக்கத்துக் கடல் நீரில் வலை இழுத்து எடுத்த மாதிரி ஒன்றையும் அதே மாதிரி சுத்தப்படுத்தினோம். துறைமுக மாதிரியில் கண்ணாடித் தட்டு நிறைய ஓடுகள்: வட்டம், ஊசி, சங்கிலித் துண்டு. குடுவை மாதிரியிலோ தேடித் தேடிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன முட்டை வடிவ ஓடுகள் மட்டும். கதிரும் மூன்று கையும் தடயமே இல்லாமல் போய்விட்டன. நூற்றுக்கணக்கான கதிர், மூன்று கைக் கலங்களில் ஒன்றுகூட ஓடு விடவில்லை என்றால், ஓடு கட்டும் சாதாரண டயட்டம் அந்தக் குடுவையில் பெருமளவில் இல்லை.

இவ்வளவும் பெயரைச் சுட்டிக்காட்டுகின்றன. மூன்று உருவமும் ஒன்றுதான் என்பதை நிரூபிப்பது ஒரு கலத்திலிருந்து வளர்த்தெடுப்பது மட்டுமே. அண்ணை சொன்ன வேலை.

ஒரு கலத்தைப் பிரிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம், பொறுமையும் நடுங்காத கையும் வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குழாயியைப் பன்சன் சுடரில் பிடித்து, கண்ணாடி இளகியதும் சுடரை விட்டு வெளியே எடுத்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். சுடருக்குள் வைத்தபடி இழுத்தால் உருகி அறுந்துவிடும். முனை தலைமயிர் அளவுக்கு ஒடுங்கும். அதை நேராக ஒடித்தால் வாய் தயார். கண்ணாடித் தட்டில் கிருமி நீக்கிய ஊடகத்தை (சத்துச் சேர்த்த கடல் நீர்) துளித்துளியாக வரிசையாக வைத்துக்கொண்டு, முதல் துளியில் வேண்டிய கலத்தைப் பிடித்து இரண்டாவதில் விடுவது, அங்கே அது தனியாகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது, மறுபடி பிடித்து மூன்றாவதில் விடுவது. கடைசித் துளியில் அந்த ஒரே ஒரு கலமும் ஊடகமும் தவிர வேறொன்றும் இல்லை என்று இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே 96 குழித் தட்டில் ஒரு குழிக்குள் போகும். எந்தக் குழிக்கு எந்த உருவம் என்று உடனே வரைந்து வைத்தோம். கதிரிலிருந்து சில குழிகள், மூன்று கையிலிருந்து சில, முட்டையிலிருந்து சில. எல்லாம் பிழைக்கவில்லை, ஆனால் மூன்று தொடக்கத்திலிருந்தும் வளர்ந்த வரிசைகள் கிடைத்தன.

ஊடகம், கிலார்டும் ரைதரும் 1962இல் அமைத்த எஃப் முறையைப் பாதியாக்கிய வழக்கமான எஃப்/2. கடல் நீரைக் கல்கிசைப் பக்கத்தில் எடுத்தோம். மட்டக்குளியில் களனி கங்கை கடலில் விழுவதால், மழைக்குப் பிறகு அங்கே உவர்த்தன்மை சரிந்துவிடும்; உவர்த்தன்மையே சோதனைப் பொருளாக இருக்கும்போது அந்த நீர் சரிவராது.

மூன்று கையில் தொடங்கிய குழிகளில் முதலில் மூன்று கையும் கதிரும் கலந்து வந்தன. தலைமுறைகள் போகப் போகக் கதிர் மேலோங்கியது. கதிரில் தொடங்கியவை கதிராகவே நின்றன, அபூர்வமாக ஒரு மூன்று கை. முட்டையில் தொடங்கியவைதான் எல்லோரையும் மேசைக்கு இழுத்தன. குழியின் அடியில் ஒட்டிக்கிடந்த முட்டைகளைப் புதிய ஊடகத்தில் மாற்றி மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தபோது, சில கலங்களின் ஒரு முனை உருண்டையாக இருக்க மறுமுனையில் ஒரு அலகு நீளத் தொடங்கியிருந்தது. பாதி முட்டை, பாதி கதிர். இரண்டு வேறு இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் இப்படி ஒரு கலம் எங்கிருந்து வரும்? மாணவி அதைப் படமெடுத்து, பழைய குறிப்புக்குப் பக்கத்தில் ஒட்டி, ‘கலப்பு’ என்று தான் எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டாள். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் உயிர்நாடி அந்தப் படம்தான்.

அப்புறம் நிலைமைகளை மாற்றிப் பார்த்தோம். கதிர் வரிசைகளை ஏகார் கூழ்த் தட்டில் பூசியதும் முட்டைகள் பெருகின. உவர்த்தன்மையை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்த திரவத்திலும் முட்டைகள் கூடின, குடுவையின் அடியில் பழுப்புப் படலம் கட்டியது. வெப்பநிலையை 15 பாகைக்கு இறக்கியபோதும் ஓரளவு அப்படியே. வெளிநாட்டு ஆய்வுகளிலும் இதே போக்குத்தான்: உலகின் பல கடல்களிலிருந்து எடுத்த பத்து வளர்ப்பு வரிசைகளை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஒரு வரிசை பெரும்பாலும் முட்டையாகவும், இன்னொன்று மூன்று கையாகவும், மற்றவை கதிராகவும் நின்றன. இனம் ஒன்று, ஆனால் வரிசைக்கு வரிசை சாய்வு வேறு. ஆகவே ‘உவர்ப்புக் குறைந்தால் முட்டை வரும்’ என்பதை எல்லா வரிசைக்கும் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சோதனை சிலிக்கேற்று சேர்க்காத ஊடகம். கண்ணாடிக் குடுவையிலிருந்தே கொஞ்சம் சிலிக்கா கரைந்து வரும் என்பதால் இதற்குப் பிளாஸ்டிக் குடுவை பாவித்தோம். ஒப்பீட்டுக்கு வைத்த, ஓடு கட்டும் டயட்டமான கீட்டோசெரோஸ் விரைவில் நின்றுவிட்டது. எங்கள் கதிர்கள் ஒன்றும் நடக்காததுபோல வளர்ந்தன. சிலிக்கா இல்லாமலே வளரக்கூடிய டயட்டம் என்று பேயோடக்டைலம் நன்கு அறியப்பட்டது.

மரபணுச் சோதனையைக் கடைசிக்கு வைத்தோம். பணம் ஒரு காரணம். கேள்வி தெளிவாகாமல் மாதிரி அனுப்புவதில் பயனில்லை என்பது பெரிய காரணம். கலந்த குடுவையிலிருந்து நேரே டிஎன்ஏ எடுத்திருந்தால், எந்த டிஎன்ஏ எந்த உருவத்துக்குரியது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரே கலத்திலிருந்து வளர்ந்த மூன்று வளர்ப்பு வரிசைகளையும் தனித்தனியே அனுப்பினோம். இனம் காண வழக்கமாகப் பார்க்கும் 18எஸ் என்ற டிஎன்ஏ பகுதி நெருங்கிய இனங்களுக்கிடையில் அதிகம் மாறாதது. அதனால் அதைவிட அதிகம் மாறும் ஆர்பிசிஎல் மரபணுவையும் ஐடிஎஸ்-2 பகுதியையும் சேர்த்துக் கேட்டோம். மூன்றும் தமக்குள் பொருந்தின, பேயோடக்டைலத்தோடும் பொருந்தின. இந்த இனத்தின் முழு மரபணுத்தொகை 2008இலேயே வெளிவந்துவிட்டது, சுமார் 2 கோடியே 70 இலட்சம் எழுத்துகள். ஒப்பிட இதைவிட உறுதியான ஆதாரம் சில டயட்டங்களுக்குத்தான் உண்டு. மற்ற பாசிகளுக்குத் தரவுத்தளத்தில் தேடும்போது, அங்கே பெயரிட்டு ஏற்றியவரும் வடிவத்தைப் பார்த்தே பெயரிட்டிருப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல உருவம், ஒரே இனம் என்று இந்தக் குடுவை முடிந்தது. ஒரே உருவம், பல இனம் என்ற மறுபக்கமும் உண்டு, கொழும்புக் கடலுக்கு அதுதான் பெரிய கவலை. ஸ்கெலிட்டோனீமா கொஸ்டாட்டம் என்ற சங்கிலி டயட்டம் உலகத்தின் அநேகமான துறைமுகப் பட்டியல்களில் இருக்கும். ஹொங்கொங் மாதிரியிலிருந்து 1866இல் கிரெவில் விவரித்தது. 2005இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முன்னின்று அந்த மூல மாதிரியையே எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, எல்லோரும் கொஸ்டாட்டம் என்று எழுதிவந்த பலவும் அதுவல்ல என்று தெரிந்தது. அந்த ஆண்டே நான்கு புதிய இனங்கள் பிரிக்கப்பட்டன. அவற்றைப் பிரித்தறியும் அடையாளம், கலத்தையும் கலத்தையும் இணைக்கும் நுண்குழல்களின் அமைப்பு. அந்தக் குழல்களின் நீளமோ உவர்த்தன்மையோடு மாறும். நீளத்தை நம்பினால் களனி முகத்துவாரத்தின் ஒரே இனத்தை மழைக்கு ஒரு பெயரிலும் வெயிலுக்கு ஒரு பெயரிலும் எழுதிவிடலாம். குழலின் நுனி அமைப்பைப் பார்த்தால் அந்தக் குழப்பம் குறையும்.

பெயர் பிழையானால் உயிரும் போகலாம் என்பதற்கு சூடோ-நிட்ஷியா சாட்சி. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் மட்டிச் சிப்பி சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். நஞ்சு டொமோயிக் அமிலம். அதைச் செய்தது இன்று சூடோ-நிட்ஷியா மல்டிசீரியஸ் என்று அறியப்படும் டயட்டம். அதன் நெருங்கிய உறவு பன்ஜென்ஸ். இரண்டும் சாதாரண நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரியான ஊசிச் சங்கிலிகள். கோடுகளுக்குள் துளைகள் எத்தனை வரிசை என்பதுதான் வித்தியாசம், அது இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் தெரியும். போதாக்குறைக்கு, நீண்ட காலம் வளர்ப்பில் வைத்த சூடோ-நிட்ஷியா சுருங்கி, புடைத்து, உருக்குலைந்து போகும். ஆகவே பழைய குடுவையிலிருந்து அளவெடுத்துப் பெயர் வைப்பதைவிடக் கடலிலிருந்து எடுத்த கையோடு அளவெடுப்பதே நல்லது.

அளக்க எதுவுமே இல்லாத பச்சை உருண்டைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஜப்பானில் ‘கடல் குளோரெல்லா’ என்று தீனியாக வளர்த்தது பிறகு நனோகுளோரொப்சிஸ் என்று தெரியவந்தது. அங்கே கைகொடுத்தது நிறப்பொருள்: குளோரெல்லாவில் குளோரோபில் பி உண்டு, நனோகுளோரொப்சிஸில் இல்லை.

கொழும்பு, சரக்கைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றும் பெரிய துறைமுகம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கப்பல்களின் நிலைப்படுத்து நீரில் (கப்பல் சாயாமல் இருக்க ஏற்றும் நீர்) நுண்பாசி வரும். 2017 செப்டம்பரில் அதற்கான சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே அதனால்தான். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, நைத்திரிக் அமிலமும் பிளாஸ்டிக் குருணிகளும் கடலில் கலந்தபோது, முன்பு இங்கே என்னென்ன இருந்தன என்ற கேள்வியைக் கடல் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முன்பும் பின்பும் ஒரே பெயரில் எழுதியிருப்பது ஒரே இனம்தானா என்று உறுதியில்லாவிட்டால் அந்த ஒப்பீட்டில் பலன் கிடைக்காது. எங்கள் தமிழ் மாணவர்களிடம் நான் விடாமல் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: படம் வரையும் போதெல்லாம் பக்கத்தில் உவர்த்தன்மை, வெப்பநிலை, வளர்ப்பின் வயது மூன்றையும் எழுதுங்கள். ஒரு கலத்தைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். ஒரு கலம் எந்தெந்த உருவமெல்லாம் எடுக்கும் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்துவது மரியாதைக் குறைவு அல்ல.

பொரிப்பகத்துக்கு அனுப்பிய பதிலில் வளர்ப்பை ஊற்றத் தேவையில்லை என்று எழுதினோம். சிலாபம் பக்கத்து ஆறான தெதுறு ஓயா பெருகும் காலத்தில் எடுத்த கடல் நீரின் உவர்ப்பைப் பார்த்துச் சரிசெய்யும்படியும், காற்றோட்டத்தை இடைவிடாமல் வைத்திருக்கும்படியும், அடுத்த தொட்டிக்கு விதை எடுக்கும்போது சுவரைச் சுரண்டாமல் நடுநீரிலிருந்து எடுக்கும்படியும் சொன்னோம். பேயோடக்டைலத்தில் ஈபிஏ என்ற கொழுப்பமிலம் நிறைய, டிஎச்ஏ என்ற இன்னொரு கொழுப்பமிலம் மிகக் குறைவு. ஆகவே இதை மட்டும் தீனியாகக் கொடுக்காமல் வேறொரு பாசியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும் பதிலில் இருந்தது. கதிர் வரிசை ஒன்றைப் புதிய நாடாவோடு திருப்பி அனுப்பினோம். அதில் இனப் பெயர், ஒரு கலத்திலிருந்து வளர்த்தது என்ற குறிப்பு, பிரித்த திகதி, எந்த உவர்ப்பில், எந்த வெப்பநிலையில் வளர்ந்தது என்ற விபரம் எல்லாம் இருக்கின்றன.

ஆய்வுகூட அலுமாரியில் ஸ்கெலிட்டோனீமா கொஸ்டாட்டம் என்று எழுதிய துறைமுக மாதிரிகள் இன்னும் நிறைய. மாணவி தன் இறுதியாண்டு ஆய்வுக்கு அவற்றை எடுத்திருக்கிறாள். புதிய கடல் நீரிலிருந்து ஒவ்வொரு சங்கிலியாகப் பிரித்து, களனி முகத்துவார நீரிலும் கல்கிசை நீரிலும் ஒரே வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்கத் தொடங்கிவிட்டாள்.